தர்மா என்று கூப்பிட்டால் திரும்பியவர்

எங்கள் அப்பா கலஹாவுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில், ஏழு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். சென்ற ஆண்டு ஆடி மாதம் கண்டி ஆஸ்பத்திரியில் எங்களை விட்டுப் பிரிந்தார். இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே உள்ளதை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். நான் மூத்த மகள், போதாக்குறைக்குத் தமிழ் ஆசிரியை. அதனால் இது என் வேலை என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

நினைவு மலருக்கு எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ வீட்டு மலர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இறந்தவரின் பெயர் முன் அட்டையில் இருக்கும். உள்ளே அதைச் சொல்லக் கூடாது, அப்பா, அம்மா, அண்ணன் என்று உறவு சொல்லித்தான் எழுத வேண்டும். யார் மனமும் நோகக் கூடாது. கடைசியில் எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அப்படி ஒரு கட்டுரையை எழுதியும் வைத்திருந்தேன். போன வாரம் தர்மலிங்கம் மாமாவின் அனுதாபச் செய்தி தபாலில் வந்தது. அதைப் படித்ததும் என் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

தர்மலிங்கம் மாமா அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். கொழும்பில் இருக்கிறார். மலரில் போடும்படி அவர் அனுப்பிய செய்தியில் இப்படி ஓர் இடம் வருகிறது: "நான் கண்டியில் உதைபந்தாட்டம் ஆடிய நாட்களில் மச்சான் என் போட்டி ஒன்றையும் தவற விட மாட்டார். என் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வருவார். அப்படி ஒரு ரசிகர் இனி எனக்குக் கிடைப்பாரா?"

உறவினர்களே, நண்பர்களே, அந்தப் பூட்ஸ் அப்பாவுடையது. அதைப் போட்டுக்கொண்டு ஆடியவரும் அப்பாதான். மாமா ஆடிய பந்தாட்டத்தைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன். அதற்கு அதிக இடம் தேவைப்படாது.

தோட்டத்து மைதானம் என்பது மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண் சுவர். மறுபக்கம் தேயிலைச் சரிவு, அதன் அடியில் ஓடை. பந்தைத் தவற விட்டவன்தான் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும் என்பது அங்கே பிள்ளைகள் போட்ட சட்டம். அட்டைக் கடியோடு அவன் ஏறி வருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும். "அந்தப் பயத்துலதான் பந்தத் தாண்ட விடாம நிக்கப் பழகுனேன்" என்று அப்பா எங்களிடம் சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் ஆடியதை மட்டும் அவர் மறைத்ததில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை, அதாவது உதவி மேலாளர், தன் ஊரில் ஏதோ ஒரு மூன்றாம் தரக் குழுவில் சில வருடங்கள் ஆடிவிட்டுத் தேயிலைக்கு வந்தவராம். அங்கே கிடைக்காத பெயரை இங்கே தேடினாரோ என்னவோ, மாலை நேரங்களில் தோட்டத்து இளைஞர்களை வைத்துப் பழக்கினார். அப்பாவை வலப்பக்கத் தடுப்பாளராக, 'ரைட் பேக்'காக நிறுத்தி, ஓடாதே, காத்திரு, பந்தோடு வருபவன் அவனாகவே உன்னிடம் வருவான் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அப்பாவின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 'பேக்' என்றே கூப்பிடுவாராம். ஊருக்குத் திரும்பும்போது தன் பூட்ஸை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு அளவு பெரிது. அப்பா நுனியில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்கு இருபது வயது தாண்டியபோது கண்டி நகரத்துக் கிளப் ஒன்று அவரைக் கூப்பிட்டது. பி டிவிஷனில் ஆடிய சின்னக் கிளப்தான். ஆனால் பெயரைப் பதிய பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். அப்பா குடும்பத்துக்கு அது இல்லை. இந்த மண்ணில் பிறந்தும் இந்த நாட்டுக்காரர் இல்லை, இந்தியாக்காரரும் இல்லை. நாடற்றவர் என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கலஹா பஜாரில் கடை வைத்திருந்த மாமாவின் தகப்பனாரோ எப்படியோ அலைந்து திரிந்து தன் குடும்பத்தைப் பதிவுப் பிரஜைகளாக்கியிருந்தார். அப்பாவும் மாமாவும் ஒரே வயது, ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"இதுக்குப் போயி யோசிக்கிறியே மச்சான். என் பத்திரத்தக் கொண்டுபோய்க் குடு. ஒனக்குப் பத்திரம் வந்த அன்னைக்கே பேர மாத்திக்கலாம்" என்றாராம் மாமா. அன்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று அப்பா கடைசி வரை நம்பினார் என்கிறார் அம்மா. நான் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். அன்று நல்ல மனம் இருந்திருக்கலாம்.

அப்படித்தான் அப்பா தர்மலிங்கம் ஆனார். கலஹாவில் இருந்து பேராதனைக்கு வரும் பஸ்ஸில் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவருக்குப் பயிற்சி கொடுப்பாராம். திடீரென்று அப்பாவின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்பா திரும்பக் கூடாது. "தர்மா!" என்றால் உடனே திரும்ப வேண்டும். முதல் சில வாரம் தவறியிருக்கிறது. பிறகு தவறவே இல்லை. கண்டியின் போகம்பரை மைதானத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் அது வாய்க்கு எளிதான பெயர், மைதானமே தர்மா தர்மா என்று கத்துமாம். பெயரின் பொருளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அந்தக் கிளப்பின் கோல்காப்பாளராக இருந்த முஸ்லிம் பெரியவர், எல்லாரும் நானா என்று கூப்பிடுபவர். கண்டி நகரத்தில் துணிக்கடை வைத்திருப்பவர், இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அப்பாவின் மரண வீட்டுக்கு வந்து, பெட்டியின் அருகே வெகு நேரம் நின்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மகள், ஒங்கட அப்பா முன்னுக்கு நின்டா எனக்கு வேலையே இல்ல. ஒரு மேட்ச்ல பந்து ஏன்ட கைக்கு வரவே இல்ல. கோல் கம்பத்துல சாஞ்சி நின்டு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"மாமா ஆடினதாத்தானே சொல்லுவாங்க" என்றேன்.

நானா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்ப ஒங்களுக்கு ஒண்டுமே தெரியாதா மகள்?" என்று கேட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். அங்கே வைத்துத்தான், வாசலில் பறை அடித்துக்கொண்டிருக்கும்போது, என் அப்பா யார் என்று நான் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

மாமாவின் விளையாட்டு வாழ்க்கைக்கு வருகிறேன். கொழும்பில் ஓர் அரசாங்கக் கூட்டுத்தாபனம் தன் குழுவுக்கு ஆள் எடுத்தது. நல்ல ஆட்டக்காரருக்கு நிரந்தர உத்தியோகம் உண்டு. அப்பா தன் போட்டிகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த துண்டுகளையெல்லாம் வெட்டி, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தார். எல்லாத் துண்டிலும் 'ரைட் பேக்: எஸ். தர்மலிங்கம்' என்று இருக்கும். தான் நன்றாக ஆடியதாக நினைத்த போட்டிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம் போட்டு வைப்பாராம். "ஒரு நாளைக்குக் குடு மச்சான், வீட்டுல காட்டிட்டுத் தாறேன்" என்று மாமா அந்தக் கொப்பியை வாங்கிப் போனார். நேரே கொழும்புக்குப் போய் நேர்முகத்தில் காட்டினார். பத்திரம் அவருடையது, பெயர் அவருடையது, துண்டுகளும் அவர் பெயரில். வேலை கிடைத்துவிட்டது.

முதல் போட்டியில் மாமா பதினொரு நிமிடம் ஆடினார் என்று நானா சொல்கிறார். பந்து ஒரு முறைகூட அவர் காலில் படவில்லையாம். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த முழங்கால் அதற்குப் பிறகு ஆறவே இல்லை. உத்தியோகம் மட்டும் ஓய்வு பெறும் வரை நன்றாக நடந்தது.

ஒரு பெயர் இரண்டு குழுவில் ஆட முடியாது. தர்மலிங்கம் கொழும்புக் குழுவுக்குப் போய்விட்டதாகக் கண்டியில் பதிவாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை பஞ்சடைத்த பூட்ஸோடு போகம்பரைக்கு வந்த அப்பாவிடம், "நீதான் கொழும்புக்குப் போயிட்டியே" என்று கிளப் செயலாளர் சொன்னாராம். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானாதான் மெதுவாக விளக்கியிருக்கிறார். "எங்க எல்லாருக்கும் தெரியும் மகள். கிளப்புக்குப் பிரச்சின வந்துரும்டு வாய மூடிட்டு இருந்தோம். அது எங்கட குத்தம்தான்" என்று நானா அழுதார். அவரை நான் மன்னித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டவரை மன்னிப்பது எளிது.

அதற்குப் பிறகு மாமா குடும்பம் அப்பாவுக்குப் பெண் கொடுத்தது. பத்திரம் உள்ள வீட்டுப் பெண்ணைப் பத்திரம் இல்லாதவருக்குக் கொடுத்த பெருந்தன்மையைச் சொந்தத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். "என்னக் குடுத்து அவரு வாய அடைச்சாங்க" என்று அம்மா இந்த வருடம்தான் என்னிடம் சொன்னார். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே எல்லாம் தெரியும். அண்ணனா புருஷனா என்று வந்தபோது வாயை மூடிக்கொள்வது நல்லது என்று அவரும் முடிவு செய்திருக்கிறார். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை.

திருமணத்துக்குப் பின் அப்பா கண்டி நகரத்து மஹய்யாவைக்கு வந்து, நகரசபை தண்ணீர்ப் பகுதியில் கூலியாளாகச் சேர்ந்தார். நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வுகளைத் திறந்து மூடுவது அவர் வேலை. மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று யாராவது வந்து சொன்னால் சாப்பாட்டில் இருந்துகூட எழுந்து போவார். யாரையும் ஏசி நாங்கள் கேட்டதில்லை. எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். போகம்பரைப் பக்கம் வேலை வந்தால் மட்டும் இன்னொருவரை அனுப்பிவிடுவார், இல்லாவிட்டால் சுற்று வழியாகப் போவார். முழங்கால் வலி என்று காரணம் சொல்லுவார். முழங்கால் வலிக்க உரிமை உள்ளவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

நான் நாலாம் வகுப்பில் படிக்கும்போது அப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. அந்தத் தைப்பொங்கலுக்கு மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அப்பா அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார்.

"வந்திருச்சு மச்சான்" என்றார்.

மாமா வாங்கிப் பார்த்தார். "நல்லது மச்சான். இனி நீயும் ஓட்டுப் போடலாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தேத்தண்ணி போட உள்ளே போனார். பெரியவர்கள் ஏதோ பேசுகிறார்கள் என்று நான் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து வருவது என் பங்கு. எனக்குப் பதினான்கு வயதில் எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மாமாவைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். வரவேற்புரை என்னுடையது. மாமா எப்படி ஆடினார் என்று அப்பாவிடம்தான் கேட்டேன். அப்பா திண்டாடினார், பிறகு சொன்னார். கடுகண்ணாவைப் பக்கத்துக் குழுவோடு மழையில் நடந்த போட்டி. சேற்றில் ஒரு பூட்ஸ் மாட்டிக்கொண்டது. "குனிஞ்சு எடுத்தா பந்து போயிரும். அதனால அத விட்டுட்டு ஓடி, கோல் கோட்டு மேல வெறுங்கால்ல தட்டி விட்டது... விட்டாரு, ஒங்க மாமா. வெறுங்காலுக்குச் சேறு அப்படிச் சில்லுன்னு இருக்கும்" என்றார். சேறு சில்லென்று இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சொற்களை அழகாக அடுக்கி எழுதினேன். மேடையில் படித்தேன். மாமா கழுத்தில் மாலை போட்டதும் நான்தான். பெற்றோர் வரிசையில் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். மாமா கையை உயர்த்திக் காட்டினார், கூட்டத்துக்கு. அந்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூசுகிறது.

கடைசி நாட்கள். ஆஸ்பத்திரியில் தாதி கட்டிலருகே வந்து அப்பாவின் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். அப்பா அசையவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்றார் தாதி. அதே நேரம் வாசலில் நின்ற தம்பி, "அக்கா, தர்மா மாமா வந்திருக்காரு" என்றான். அப்பா சட்டென்று கண்ணைத் திறந்து தலையைத் திருப்பினார். மச்சான் மேல் இவ்வளவு பாசமா என்று பக்கத்துக் கட்டில்காரர்கூட வியந்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மாமா கட்டிலருகே உட்கார்ந்து கொழும்பு வெயிலைப் பற்றிப் பேசினார். அப்பா உதட்டை அசைத்தார். நான் குனிந்து கேட்டேன். "அந்தக் கொப்பி..." என்றார்.

"தேடிப் பாக்குறேன் மச்சான்" என்றார் மாமா.

அப்பா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான்கு நாட்களில் போய்விட்டார். மரண வீட்டில் நானா சொன்னதைக் கேட்ட பிறகு, நான் மாமாவிடம் போய்க் கொப்பியைக் கேட்டேன். "அது எப்பவோ கறையான் அரிச்சிருச்சும்மா" என்றார். சரி, அதையாவது நம்புவோம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் வந்த அனுதாபச் செய்தியோடு, பக்கத்தில் அச்சிடும்படி ஒரு பத்திரிகைத் துண்டின் போட்டோப் பிரதியும் வைத்து அனுப்பியிருக்கிறார். கடுகண்ணாவைப் போட்டி. துண்டைச் சுற்றிக் கொப்பியின் கோடுகள் தெரிகின்றன. ஓரத்தில் ஒரு பென்சில் சரி அடையாளம். ஒரு கறையானும் அந்தப் பக்கம் போகவில்லை.

"போட்டுருவோம் அக்கா. சொந்தத்துல பேச்சு வரும். அப்பாவே ஒன்னும் சொல்லல" என்றான் தம்பி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்பதுதானே இத்தனை பேருக்கும் வசதியாக இருந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டும். மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாதிக்கு நன்றி. பாடை தூக்கிய மஹய்யாவை அயலவர்களுக்கும், தண்ணீர்ப் பகுதித் தோழர்களுக்கும், கலஹாவில் இருந்து வந்த உறவுகளுக்கும், தாமதமாகவேனும் வாய் திறந்த நானாவுக்கும் நன்றி. தர்மலிங்கம் மாமாவுக்கும் நன்றி. நீங்கள் கொடுத்த பெயரை அப்பா போகம்பரையில் நன்றாகத்தான் வைத்திருந்தார். இப்போது திருப்பித் தருகிறோம். கொப்பியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் செய்தியை நாங்கள் அச்சிடவில்லை.

கடைசி நன்றி அம்மாவுக்கு. அம்மா புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் என் தோளைத் தட்டுவார், நான் சொல்லுவேன். மாமாவின் செய்தியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். போஞ்சி அரிந்துகொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார்.

"அந்த மழ மேட்ச்சுக்கு நானும் போயிருந்தேன்டி. எங்க அப்பாரு கூட்டிட்டுப் போனாரு. இவரு ஒத்தக் கால்ல பூட்ஸோட நிக்கிறாரு. எல்லாரும் தர்மா தர்மான்னு கத்துறாங்க. நானும் எங்க அண்ணன் பேரச் சொல்லித்தான் கத்துனேன். இவரு பேரச் சொல்லி ஒரு தடவையாவது கத்தியிருக்கணும்."

"இப்ப என்னம்மா எழுதட்டும்?" என்று கேட்டேன்.

என் தோளைத் தட்டுவார் என்று நினைத்தேன். தட்டவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அம்மாவே சொன்னார். உள்ளே பெயர் எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அம்மா சொன்னபடியே, பத்திரிகையில் வர வேண்டியிருந்தபடியே, எழுதுகிறேன்.

ரைட் பேக்: ஆர். முத்துக்கருப்பன்.